அவனைப் பார்த்துப் பாடியது

மேடையில் யாராவது பாடினால் நான் முதலில் கவனிப்பது அவர்களுடைய கண்ணைத்தான். யாரைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்க்கப்பட்ட ஆள் என்ன ஆகிறான் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பாட்டு காதில் ஏறாது.

நானும் கொஞ்ச காலம் பாடியவன். இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். தெருவில் ஒரு பஜனைக் கோஷ்டி இருந்தது. அதில் பாடத் தொடங்கிய நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவேன். எனக்கு அவ்வளவு பக்தி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது கூச்சம். எதிரே நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது. கண்ணை மூடிவிட்டால் அவர்கள் இல்லை. நானும் என் குரலும் மட்டும்.

வேலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், எண்ணெய்ப் பீப்பாய், அதாவது டிரம், செய்கிற ஒரு கம்பெனியில். தகரத்தை வளைத்து, மூட்டி, விளிம்பை மடித்து அடிக்கும் கொட்டகையில் நான் இருந்தேன். அங்கே இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை. ஒருவர் பீப்பாயைப் பிடித்துச் சுழற்ற வேண்டும், மற்றவர் சம்மட்டியால் விளிம்பை அடிக்க வேண்டும். ஐம்பது சம்மட்டிகள் ஒரே நேரத்தில் தகரத்தின் மேல் விழுகிற இடத்தில் காதுக்கு வேலை கிடையாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் கண்ணால் பேசிக்கொள்வோம். பிடிக்கிறவன் புருவத்தை ஏற்றினால் அடி. இமையைச் சுருக்கினால் நிறுத்து. பார்வையைப் பக்கத்தில் திருப்பினால் மேஸ்திரி வருகிறார். எதிரில் நிற்பவனின் கண்ணிலிருந்து ஒரு நொடி பார்வையை எடுத்தால் அவன் விரல் போய்விடும், அல்லது நம் விரல்.

என் எதிரில் நின்றவன் தண்டையார்பேட்டைக்காரன். என் வயதுதான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, அதற்கு நடுவே பெரிய, அமைதியான கண்கள். அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. அவன் எனக்கு ‘ஜோடி’, நான் அவனுக்கு ‘ஜோடி’. கொட்டகையில் எல்லா இரட்டையர்களுக்கும் அதுதான் பெயர். வெளியே தேநீர்க் கடையில் அவன் அதிகம் பேச மாட்டான். பேசவேண்டியதையெல்லாம் உள்ளேயே கண்ணால் பேசி முடித்துவிட்டதைப் போல உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஆயுத பூஜையன்று கம்பெனி முற்றத்தில் என்னைப் பாடச் சொன்னார்கள். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு பாட்டுப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன் என்று நினைக்கிறேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது முற்றத்தில் பாதிப் பேர் இல்லை. பொரி வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்கள். மீதிப் பேர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் ஜோடி மட்டும் அசையாமல் தரையில் குந்தியிருந்தான். நான் இறங்கி வந்ததும் கேட்டான்.

“யாருக்குப் பாடின?”

“எல்லாருக்கும்தான்.”

“கண்ண மூடிக்கினு கீற. நாங்க கீறோமா போய்ட்டமான்னுகூட உனக்குத் தெரில. அப்பால எங்களுக்குப் பாடினன்னு சொல்ற. டிரம் அடிக்கறப்ப என்ன எப்டி பாக்கற? அப்டி பாத்துப் பாடு.”

“கூச்சமா கீதுபா.”

“என்ன மட்டும் பாரு. நான் இன்னா வெளியாளா?”

அடுத்த முறை பாடியது எங்கள் தொழிற்சங்கத்தின் கூட்டம் ஒன்றில். சாலையோரம் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்ட மேடை. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய் டோலக் வாசித்தார். என் ஜோடி முன்வரிசையில் எனக்கு நேரே வந்து உட்கார்ந்துகொண்டான். அவனைப் பார்த்தேன். அவன் புருவத்தை ஏற்றினான், அடி என்கிற மாதிரி. நான் பாடத் தொடங்கினேன்.

அன்று நடந்ததை நான் எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் சொல்வேன். பாட்டின் முதல் அடி என் வாயிலிருந்து போய் அவன் முகத்தில் விழுந்தது எனக்குத் தெரிந்தது. அவன் தலை லேசாக அசைந்தது. அந்த அசைவு என் அடுத்த அடியைக் கொஞ்சம் மெதுவாக்கியது. மெதுவாக்கியதும் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் நிமிர்ந்தான். துணிந்து அவனையும் பார்த்தேன். அவன் சட்டென்று குனிந்துகொண்டு, பிறகு தானே நிமிர்ந்து என்னைத் தேடினான். பாட்டு முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு முகங்களைப் பார்த்திருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.

கீழே இறங்கியதும் டோலக் பாய் என் முதுகில் தட்டினார். “மாமு, இன்னிக்குத்தான் நீ பாடின. இத்தினி நாளா மொனகிக்கினு இருந்த.”

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் எங்கள் பக்கத்தில் நான் பாடாத கூட்டம் இல்லை. சங்கக் கூட்டங்கள், மே தினம், கல்யாண வீடுகள். பார்ப்பதில் எத்தனையோ நெளிவுசுளிவுகளை நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். தலைகளுக்கு மேலே பார்த்துப் பாடினால் ஒருவரையும் பார்க்காததற்குச் சமம். ஜனம் அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஒரு முகத்தில் ஒரு அடி முடியும்வரை நிற்க வேண்டும். பாதியில் பார்வையை எடுத்தால் அந்த ஆளை ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். ஒருவனைச் சரியாகப் பார்த்தால் அவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரும் தங்களைத்தான் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரே முகத்தில் நிற்கக் கூடாது. வயதான அம்மாக்களாகப் பார்த்துப் பாட வேண்டும். காசிமேட்டில் ஒரு கல்யாண வீட்டில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி நான் பார்த்ததும், “இன்னா நைனா, எனக்கா பாட்ற? இன்னொரு தபா பாடு” என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள். அன்று வீட்டுக்குக் காற்றில் மிதந்துகொண்டுதான் வந்தேன்.

ஆனால் எங்கே பாடினாலும் ஆரம்பிப்பதற்கு முன் கூட்டத்தில் என் ஜோடியைத் தேடுவேன். பெரும்பாலும் வந்திருப்பான். முதல் அடி அவனுக்கு. அங்கிருந்துதான் மற்றவர்களிடம் போவேன்.

சுதந்திரம் வந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம், கம்பெனியில் சங்கத்து ஆட்கள் நாலு பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது. தினமும் காலையில் சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலில் கூடுவோம். சங்கச் செயலாளர் பேசுவார். அவர் பேச்சு நன்றாக இருக்கும், ஆனால் நீளம். அதனால் முதலில் என்னைத்தான் ஏற்றுவார். “நீ பாடி ஆளுங்கள நிறுத்தி வையி. அப்பால நான் பேசிக்கறேன்” என்பார்.

அந்தப் போராட்டத்துக்காக நானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தேன். பெரிய பாட்டு ஒன்றுமில்லை.

வச்ச கால பின்னெடுக்க மாட்டோம் - நாங்க
வாசலுக்கு வெளிய நின்னு கேப்போம்

என்று தொடங்கும். எல்லாரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். முதல் இரண்டு வாரம் திருவிழா மாதிரி இருந்தது. மூன்றாவது வாரத்தில் முகங்கள் மாறத் தொடங்கின. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது முதலில் தெரியும். நான் பார்த்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறவர்கள் அதிகமானார்கள். பாட்டைத் திருப்பிப் பாடும்போது வாய் மட்டும் அசையும், கண் கம்பெனிக்குப் பின்னாலிருந்த ரயில் பாதைப் பக்கம் இருக்கும்.

நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன், கூட்டத்துக்கு முன்னால் என் ஜோடி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். வேலிப் பக்கமாக நின்றோம்.

“ஜோடி, நாளைக்கு வேலைக்கு உள்ள போய்டலாம்னு கீறேன்.”

நான் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“கொழந்தைக்கு ஜொரம் விட மாட்டேங்குது. வூட்ல அவ ரெண்டு நாளா கஞ்சித் தண்ணிதான் குடிச்சிகினு கீறா. வயித்துல வேற ஒண்ணு கீது. இன்னாதான் பண்றது, நீயே சொல்லு.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போ என்றோ, போகாதே என்றோ, குழந்தைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றாவது. “கூட்டம் முடியட்டும்பா, பேசலாம்” என்று சொல்லிவிட்டு மேசைமேல் ஏறினேன்.

அன்று முதல் தடவையாகச் சாலையில் ஒரு போலீஸ் லாரி வந்து நின்றிருந்தது. போலீஸ்காரர்கள் தடிகளோடு இறங்கி நிழலில் வரிசையாக நின்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பாட்டை முழுவதும், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, அவனை மட்டும் பார்த்துப் பாடினேன். வேறு ஒரு முகத்துக்கும் போகவில்லை. அவன் முதலில் குனிந்தான். நான் விடவில்லை. அவன் நிமிரும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். நிமிர்ந்தான். அதன் பிறகு அவனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. ‘வச்ச கால பின்னெடுக்க மாட்டோம்’ என்று மூன்றாம் முறை வந்தபோது அந்தப் பெரிய கண்களில் தண்ணீர் நிறைந்து தழும்புகளின் மேல் வழிந்தது. பாட்டு முடிந்ததும் செயலாளர், “கடைசிவரை வெளியே நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றார். என் ஜோடி கையைத் தூக்கினான். அது மட்டுமில்லை. உள்ளே போகிறவர்களை மறிக்க வாசலில் காவல் நிற்பதற்குப் பெயர் கொடுங்கள் என்றபோது அவனும் பெயர் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

“ஒரே பாட்டு. உள்ள போறேன்னு சொன்னவன நிக்க வச்சிட்டேன். அழுதுட்டான் தெரியுமா?”

அவள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அவுரு கொழந்தைக்கு ஜொரம் இன்னா ஆச்சுன்னு கேட்டியா?”

“கேக்கல.”

“கேட்டுட்டுப் பாடக் கூடாதா?” என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் கொட்டகை மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலிலேயே நின்று, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“வேலைய வுட்டுத் தூக்கறதுக்கு லிஸ்ட்டு எழுதிகினு கீறாங்கபா. மொத பேரே உன்துதான். மேல ஏறிப் பாடினவனாச்சே, எல்லாருக்கும் உன் மூஞ்சி தெரியும். திங்கக்கெழமை காலைல வந்தன்னா பேரை அடிச்சிடறோம்னு சொல்லச் சொன்னாங்க. முன்கேட்டாண்ட வராத. ரயில் லைன் பக்கமா பின்கேட்டு தொறந்து கீது. அப்டிக்கா வந்துரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்பதைச் சொல்ல விரும்பவில்லை. எனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இருந்தன. எங்களுக்கும் இரண்டு குழந்தைகள். வாடகை பாக்கி. ஆனால் அவன் சொன்ன காரணங்களைவிட என் காரணங்கள் பெரியவை இல்லை. என் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நாங்கள் பதினொரு பேர் ரயில் பாதை ஓரமாக நடந்து பின்கேட்டுக்குப் போனோம். கருவேல முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பின்பக்கம் காவல் இருக்காது என்று நினைத்திருந்தோம். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் என் ஜோடி.

மற்றவன், “கருங்காலிங்களா!” என்று கத்தினான். மண்ணை வாரி எறிந்தான். என் ஜோடி கத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவன் காலடி தெரிந்தது. வெறுங்கால், புழுதி படிந்த விரல்கள். அவனைக் கடந்து நாலு எட்டு வைத்திருப்பேன்.

“ஜோடி!” என்று கூப்பிட்டான்.

ஒரே தடவைதான். நான் திரும்பவில்லை. நிமிரவில்லை. கேட் எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

பத்து நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வாசலில் காவல் நின்றவர்களைத் தவிர. சங்கம் வழக்குப் போட்டது; வழக்கு நடந்துகொண்டே இருந்தது. எதிரில் எனக்கு வேறொரு ஜோடியைப் போட்டார்கள். நல்ல வேலைக்காரன். ஆனால் என்னால் அவன் கண்ணைப் பார்த்துச் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பிறகு மேஸ்திரியிடம் கெஞ்சிப் பெயின்ட் அடிக்கிற கொட்டகைக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே தனியாள் வேலை. பீப்பாயும் தூரிகையும்தான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் என்னைப் பாடச் சொன்னார்கள். நான் வெட்கம் கெட்டுப்போய் ஏறி நின்றேன். கூட்டத்தில் பலர் என்னைப் பார்க்கவே இல்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். என்னோடு பின்கேட் வழியாக வந்தவர்கள் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து அன்பாகப் பார்த்தார்கள். ‘நீ எங்க ஆளு, பாடு’ என்கிற பார்வை. இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி இறங்கினேன். பிறகு யார் கூப்பிட்டாலும் அதே பதில். நாளடைவில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஆறு மாதம் கழித்துத்தான் கால் எழுந்தது. தண்டையார்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி மட்டும் இருந்தாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மூத்தது வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்து போன குழந்தை அதுதான். மெலிந்திருந்தாலும் நன்றாகவே இருந்தது.

“வாண்ணா” என்றாள். கோபமில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். “அவரு இங்க இல்ல. எண்ணூர்ல உப்பளத்து வேலைக்குப் போய்கினு கீறாரு. நாயித்துக்கெழம ஆனா வருவாரு.”

“எப்டி கீறான்?”

“கீறாரு. கால்தான் உப்புல வெந்து போய்க் கெடக்கு.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு அவளாகவே சொன்னாள். “மறுநாளு உள்ள போறேன்னு சொல்லிட்டுத்தான் அன்னிக்கு வூட்ட வுட்டுப் போனாரு. நீ பாடினத கேட்டுட்டு வந்தாரு. போவலியான்னேன். அவன் மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்டி உள்ள போறதுன்னாரு. அப்பால நான் கேக்கல.”

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேனா என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போகவில்லை. அந்த ஞாயிறும் போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. போகாத ஒவ்வொரு ஞாயிறும் போவதைக் கடினமாக்கியது. அப்படியே வருடங்கள் ஓடின. டிராம் நின்றுபோனது. அவர்கள் குடும்பமே எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அந்தப் பெண் சொன்ன வார்த்தை மட்டும் என்னோடு இருந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எப்படி உள்ளே போவது. என் பார்வையால் ஒரு குடும்பத்தை உப்பில் தள்ளினேன் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு விடுமுறை நாளில், காரணம் என்று எதுவும் புதிதாக இல்லாமல், காலை ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்கினேன். மனைவி ஒரு சீப்பு வாழைப்பழமும் குழந்தைகளுக்கு மிட்டாயும் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். விசாரித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. தூரத்திலேயே அவனை அடையாளம் தெரிந்தது. நீளமான கட்டையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

நான் அருகில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான்.

“ஜோடி! வழி தெரிஞ்சுதா உனக்கு?”

கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அவன் கால் விரல்களுக்கு நடுவே வெடித்து வெளுத்திருந்தது. வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டு அவசரமாகக் கொட்டினேன்.

“நான் பண்ணது தப்புபா. உன்னையே பாத்துப் பாடி உன்ன வெளிய நிக்க வச்சிட்டு, நான் உள்ள பூந்துட்டேன். என் பாட்டாலதான் உனக்கு இந்தப் பேஜாரு.”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

“உன் பாட்டாலயா நான் நின்னேன்னு நெனச்சிகினு கீற?”

“பின்ன?”

“நீ என்ன பாத்த. நானும்தானே உன்ன பாத்துகினு இருந்தேன். போலீஸ் லாரி வந்துச்சு இல்ல அன்னிக்கு? உன் கண்ணு அப்டியே வெளுத்துப் பூடுச்சு. எத்தினி வருசம் உன் எதிர நின்னு டிரம் புடிச்சவன் நானு, எனக்குத் தெரியாதா? மேல நின்னு ஒடம்பு பூரா நடுங்கிகினு பாட்ற. இறங்கி ஓடாம பாட்றானே, நாம போய்ட்டா இவன் யாரைப் பாத்துப் பாடுவான்னு நெனச்சேன். உனக்காகத்தான் நின்னேன்.”

அவன் காற்றைப் பார்த்துப் பேசுகிற மாதிரி மெதுவாகத் தொடர்ந்தான்.

“நீ உள்ள போவேன்னுகூட எனக்குத் தெரியும்பா. அன்னிக்கு இல்லன்னா மறுவாரம் போவே. அது உன் கண்ணுலயே எழுதிக் கெடந்துச்சு.”

“அப்ப பின்கேட்டாண்ட எதுக்குக் கூப்ட்ட? திட்டத்தானே?”

“திட்டணும்னா அவன மாரி கத்த மாட்டேனா? போ, பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சிக்கலன்னு சொல்லலாம்னு கூப்ட்டேன். நீ திரும்பல.”

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். உப்பளத்து வெயிலில் எல்லாருக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் கையை நீட்டி வாழைப்பழச் சீப்பை வாங்கி, இரண்டு பழத்தைப் பிய்த்து, ஒன்றை என்னிடம் கொடுத்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பற்றிச் சொன்னான். பெரியவன் கணக்கில் கெட்டிக்காரனாம். உப்பள மேஸ்திரி குரல் கொடுத்ததும் எழுந்து கட்டையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினான்.

அவன் என்னை மன்னித்துவிட்டான் என்பதில் சந்தேகமில்லை. முன்பே, அந்தப் பின்கேட் அருகிலேயே மன்னித்துவிட்டிருந்தான். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது என்னை அரித்தது வேறு. கூட்டம் கூட்டமாகப் பார்த்தேன், எத்தனை முகங்களைப் பார்த்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அத்தனை நாளும் என் பார்வை அவர்கள்மேல் என்ன செய்கிறது என்பதைத்தான் கவனித்திருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்து என்ன தெரிந்துகொண்டார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்தபோது, என் பாட்டு வேலை செய்கிறது என்று நினைத்தேன். அவன் எனக்காகக் கலங்கினான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று நாலு முறை சந்தித்துக்கொண்டோம். ஒருமுறை அவன் மூத்த மகனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க இராயபுரம் வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். என் மனைவி அவனுக்கு மீன் குழம்பு வைத்தாள். பிள்ளைகளைப் பற்றியும், உப்பு விலையைப் பற்றியும், வழக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியும் பேசினோம். பேச்சு எங்கேயும் தடைப்படவில்லை. இரண்டு பேரும் நன்றாகத்தான் சிரித்தோம். ஆனால் அவன் பேசும்போது நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைக் கவனித்திருப்பான். கை கழுவிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வரேன் தங்கச்சி” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.